ஊசி போட்டாச்சு என்று சொன்னேன்

என் குரல் ஊரைக் கூட்டும். சிவகாசியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், நான் வாயைத் திறந்தால் வாசலில் நிற்கும் வண்டிமாடுகூட மிரளும் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளைப் பற்றித்தான், 'உடன் வேலை செய்பவர்களிடம் எதையும் சொல்வதில்லை' என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டுப் போனார்.

அறுபதுகளின் தொடக்கம். வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டால், நோயாளியின் நெற்றியில் ஊதா மருந்தால் ஒரு கோடு இழுக்க வேண்டும். இன்னொருத்தி தெரியாமல் மறுபடி போட்டுவிடக் கூடாதல்லவா? ஆனால் எங்களிடம் வருவதெல்லாம் பட்டாசுத் தீயில் வெந்த உடம்பு. புண்ணுக்குப் பூசுவதும் அதே ஊதா மருந்துதான். முகமே ஊதாவாக இருந்தால் கோட்டை எங்கே போய்த் தேடுவது? அதனால் எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஊசி போட்டவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்தவள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அடுத்தவள் என் தோழி. என்னைவிட நாலு வயது இளையவள். ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். திருப்பிச் சொல்ல அவளுக்குச் சோம்பல். நான் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பாள். செல்லம் கொடுத்து விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஒரு மத்தியானம் விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பெண்ணை லாரியில் கொண்டுவந்தார்கள். துடித்தாள். "ஊசி போட்டாச்சு!" என்று கத்தினேன். மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றபடியே என் தோழி "சரிக்கா" என்றாள். நான் பஞ்சு எடுத்துத் திரும்புவதற்குள் அவளும் ஓர் ஊசி போட்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மூச்சு அடங்கத் தொடங்கியது. பெரிய டாக்டரும் நாங்கள் இருவரும் முறைபோட்டு ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்தோம். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், நாங்கள் சேர்ந்து வேலை பார்க்கும் லட்சணத்தை எடைபோட அந்த அதிகாரி வந்தார். ஆயாவைக் கட்டிலில் படுக்கவைத்து, அன்று நடந்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னார். தப்பு யாருடையதோ அவளுக்கு இனி இந்த வார்டில் இடமில்லை என்றார். எனக்கு அந்த வார்டுதான் உயிர். ஆனாலும் பயமில்லை, பக்கத்தில் என் தோழி இருந்தாளே.

மருந்தில்லாத ஊசியைப் பிடித்து, "ஊசி போட்டாச்சு!" என்றேன். ஆயா திடுக்கிட்டாள். என் தோழி அதிகாரியைப் பார்த்து, "அன்னைக்கு அக்கா இதைச் சொல்லலை சார்" என்றாள். அன்று கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெரிய டாக்டருக்கு என் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. அவர் குனிந்து ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடிப்பாவி என்று கத்த நினைத்தேன். எனக்குக் குரலே எழும்பவில்லை.

மறுநாளே என்னை வாசலில் சீட்டு எழுதும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் என் தோழி அறைக்கு வந்து அழுதாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தாளாம்.

"ஏட்டி, முந்தின நாளே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தப்பு என்னுதுன்னு நானே ஒத்துக்கிட்டிருப்பேனே" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியும்க்கா. நீங்க அப்படிப்பட்டவுகங்கிற தைரியத்துலதான் சொன்னேன்."