வெள்ளிக் கிரகத்தில் அறுந்த கயிறு

என் கதாநாயகன் வெள்ளிக் கிரகத்துக் கடலில் மூழ்கிய வாரம், கடலோரத் திரேஸ்புரத்துக்கு அனுப்பிய பத்திரிகைக் கட்டு ஒரு பிரதிகூட விற்காமல் அச்சகத்துக்கே திரும்பி வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். நான் தூத்துக்குடியில் ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியன். துறைமுகச் செய்தி, மரண அறிவிப்பு, புரூப் திருத்துவது எல்லாம் என் வேலை. கப்பல்காரர்கள் படித்து முடித்து விற்றுவிட்டுப் போகும் இங்கிலீஷ் விஞ்ஞான நாவல்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி மதிப்புரையும் எழுதுவேன். ‘நம்பும்படியாக இல்லை’ என்பது நான் தாராளமாக வழங்கிய தீர்ப்பு. பல நாவல்களைத் தீர்த்துக்கட்டிய தைரியத்தில் நானே ஒன்று எழுதத் தொடங்கினேன்.

கடலில் மூழ்கி முத்தும் சங்கும் எடுக்கும் திரேஸ்புரத்துக் குளியாள் ஒருவனை ஒரு விஞ்ஞானி ராக்கெட்டில் ஏற்றி வெள்ளிக் கிரகத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே கடலடியில் தேங்காய்ப் பருமனில் முத்துகள். நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோய், குளியாட்கள் சங்கு எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வெள்ளிக் கிரகத்திலாவது முத்து கிடைக்கிறதே என்று திரேஸ்புரத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டார்கள். ராக்கெட்டைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. என் எழுத்தின் வலிமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடலில் மூழ்கியவனை மேலே இழுக்கும் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் அவன் மச்சான், அதாவது மனைவியின் சகோதரன். இதை நிருபர் கண்ணோடு கவனித்து, உள்ளூர் வாசனைக்காகக் கதையில் சேர்த்திருந்தேன். பிறகு ஒரு திருப்பம் தேவைப்பட்டது. முத்தாசையில் மச்சான் கயிற்றை அறுத்துவிட்டான்.

திரும்பி வந்த கட்டைப் பார்த்த பத்திரிகை முதலாளி என்னைக் கூப்பிட்டார். “என்னவே எழுதித் தொலைச்சீரு? பாதிப் பத்திரிகை அங்கனதான் விக்குது. அடுத்த வாரமும் திரும்பி வந்துதுன்னா கதையும் கிடையாது, நீரும் கிடையாது. போயி என்னன்னு கேட்டுட்டு வாரும்.”

அங்கே பத்திரிகை விற்றவர் சூசை. அவரும் சங்கு குளிப்பவர்தான். கரையில் தன் மச்சான் அந்தோணியோடு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. மச்சான் கயித்த அறுத்துட்டானாமே?” என்றார் சூசை.

“கதைதானே, அண்ணாச்சி. முத்து ஆசை.”

“என்ன ஆசை? அக்காவத் தாலியறுக்க வைப்பானா? கூடப்பொறந்த தம்பின்னாலும் சொத்து வரும்னு கைய விட்டுருவான். மச்சான் விடமாட்டான். அதுக்குத்தான அவன் கையில குடுக்கோம்.”

அந்தோணி குறுக்கிட்டார். “நீங்க எழுதினாலும் எழுதினீக, இவரு முங்குததுக்கு முன்னால என் மூஞ்சியவே பாக்காரு.”

“அப்படின்னா வெள்ளிக் கிரகம், ராக்கெட்டு, அதெல்லாம் நம்புதீங்களா?” என்று கேட்டேன்.

“அங்கன யாரு போயிருக்கா? நீங்க சொன்னா இருக்கும்,” என்றார் சூசை. “மச்சானத்தான் எங்களுக்குத் தெரியுமே.”

அச்சகத்துக்குத் திரும்பி அடுத்த அத்தியாயத்தை எழுதினேன். வெள்ளிக் கிரகத்துப் பிராணி ஒன்று மச்சானைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் உருவத்தில் வந்து கயிற்றை அறுத்திருக்கிறது. கட்டை அவிழ்த்துக்கொண்ட மச்சான் கடலில் குதித்துக் கதாநாயகனை மீட்டான். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் என் மதிப்புரைக்குப் பிறகு பேனாவையே தொட்டிருக்க மாட்டார்.

கட்டு திரும்பி வரவில்லை. சூசைதான் வந்தார், இன்னொரு கட்டுக் கேட்டு.

“அப்படிச் சொல்லுங்க. அது மச்சானா இருக்காதுன்னு நாங்க அப்பமே சொன்னோம்லா.”

என் வேலை நிலைத்தது. விஞ்ஞான நாவல் எழுத வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கிரகத்தை உங்கள் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே அனுப்பும் சொந்தக்காரர்களைப் பற்றி மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.