நான் கொன்ற அந்தோணி

போன வாரம் கம்பெனியிலிருந்து என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கார்ட்டூன் மனிதர் ஒருவர் பைக்கில் போகிறார், விழுகிறார், மனைவிக்குப் பணம் வருகிறது. அவருக்குப் பெயர் கிடையாது. 'நபர் ஏ' என்கிறது ஒரு பெண் குரல். இதை அனுப்பிவிட்டால் போதுமாம், ஏஜெண்டுகள் வாயைத் திறந்து விளக்க வேண்டியதில்லையாம். ஏஜெண்டுகளின் வாட்ஸப் குழுவில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். நான் மட்டும் போடவில்லை. காரணம் அந்தோணி.

ஆயுள் காப்பீடு விற்கிறவன் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. சாவைப் பேசாமல் பாலிசியை விளக்க முடியாது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவருடைய சாவையே பேசவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செம்பட்டியில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் "நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா" என்று ஆரம்பித்தேன். அவர் மனைவி வாசலைக் காட்டிவிட்டார். திண்டுக்கல் திரும்பி எங்கள் அதிகாரியிடம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே அப்பு, அவரை ஏன்டா சாகடிக்கிற? ஒரு ஆளைப் புடி, பேரு வையி, வேலை குடு, அப்புறம் கொல்லு. அந்த வீட்டுல இல்லாத பேரா இருக்கணும், அம்புட்டுதான்."

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். இந்து வீடு என்றால் அந்தோணி சாக வேண்டும், கிறிஸ்தவர் வீடு என்றால் முருகேசன். எங்கள் பக்கம் இந்த மதத்து ஊரும் அந்த மதத்து ஊரும் அடுத்தடுத்து இருக்கும், வண்டி ஓட்டிக்கொண்டே ஆளை மாற்றிக்கொள்வேன். பழனிப் பக்கம் போனால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், அங்கே வீட்டுக்கொரு முருகேசன். போகப் போக எனக்கு இதில் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. சாகப் போகிறவருக்கு மீசை, இரண்டு பிள்ளைகள், பாதி கட்டிய வீடு எல்லாம் கொடுப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படித்தான் ஒரு முற்பகலில் நிலக்கோட்டைச் சாலையில் ஒரு மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் நாற்காலியில் இருந்தார். மகன் கதவில் சாய்ந்து நின்றான். ஊருக்குத் தகுந்த ஆளாக இருக்கட்டும் என்று அந்தோணிக்கு இருபத்தாறு வயதும் ஒரு லோடு ஆட்டோவும் கொடுத்தேன். தோட்டம் தோட்டமாகப் பூ மூட்டை ஏற்றித் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோகிறவர் என்றேன். பெரியவர் ஆர்வமாகக் கேட்டார். குரலைத் தாழ்த்தினேன்.

"இன்னைக்குக் காலைல பைபாஸ்ல லாரி மோதிருச்சுங்கய்யா. அந்தோணி அந்த எடத்துலயே போயிட்டாரு."

டம்ளர் விழுந்தது. காபி கொண்டுவந்த மகள் செல்வி அப்படியே நின்றாள். காலில் கொட்டிய சூடுகூட அவளுக்குத் தெரியவில்லை. 'ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்' என்று நான் ஆரம்பித்தபோது அவள் அடுப்படியில் இருந்திருக்கிறாள்.

"எங்கே வச்சிருக்காங்கண்ணே? எந்த ஆஸ்பத்திரில?"

அவளுக்கு நிஜமாகவே ஒரு அந்தோணி இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன்காரன் கதவிலிருந்து நிமிர்ந்தான். யாரும் சாகவில்லை என்று சொன்னால் அவள் முகம் மலரும், அதையும் அவன் பார்ப்பான். சொல்லாவிட்டால் அவள் விழுந்துவிடுவாள்.

"அப்படி ஒரு ஆளே இல்லம்மா. வெளக்கத்துக்குச் சொன்னேன்."

அவள் சுவரோடு சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா ஓடிவந்து, "சுடு டம்ளரை இப்புடியா புடிப்ப" என்று அவளை உள்ளே இழுத்துப்போனார். சூடு பட்ட அழுகை அது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போன வாரம் வத்தலக்குண்டில்கூட ஓர் அக்கா இப்படித்தான் அழுதுவிட்டார் என்று பெரியவரிடம் நான் ஏதேதோ உளறினேன்.

மகன் வண்டிவரை வந்தான். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொன்ன அந்தோணி எந்த ஊரு?"

"ஊரே கெடையாதுங்க. சும்மா ஒரு பேரு."

"சும்மா ஒரு பேருக்கா இவ இம்புட்டு அழுகுறா?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். "டேய், கெழக்குத் தோட்டத்துல பூ எடுக்க வாரானே ஆட்டோக்காரன், அவன் பேரு என்னடா?"

பதிலை நான் கேட்கவில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு நேராகப் பூச்சந்தைக்கு வந்தேன். லோடு ஆட்டோ வரிசையில் விசாரித்தால் மூன்று அந்தோணிகள். மூன்று பேரிடமும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு அங்கே போகாதீர்கள் என்றேன். இரண்டு பேர் ஏன் என்று சண்டைக்கு வந்தார்கள். மூன்றாவது ஆள் ஏன் என்று கேட்கவில்லை. "அது நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

நாலாம் நாள் செல்வி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவளும் அந்த மூன்றாவது அந்தோணியும் திருப்பூர்ப் பக்கம் நன்றாக இருப்பதாகப் பிறகு சந்தையில் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதோடு விளக்கத்துக்குப் பெயர் வைப்பதையும் விட்டேன்.

போன தை மாதம் அந்தப் பெரியவரே என்னைக் கூப்பிட்டார். சர்க்கரை வந்துவிட்டதாம், மருத்துவக் காப்பீடு வேண்டுமாம். வேறு ஏஜெண்டைத் தெரியாதாம். அதே அறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன்.

"பிள்ளைங்க எத்தனை பேருங்கய்யா?"

"ஒண்ணு. பையன்."

அடுப்படி வாசலில் நின்ற அம்மா, "ரெண்டுன்னு எழுதுங்க தம்பி" என்றார்.

"ஒண்ணு" என்றார் பெரியவர், என்னைப் பார்த்தே.

கையெழுத்துப் போடுகிறவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். ஒன்று என்று எழுதினேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். இல்லாத ஆட்களை எத்தனையோ வீடுகளில் கொன்றிருக்கிறேன். இருக்கிற ஒருத்தியை அன்றைக்குத்தான்.