பெரியக்காவின் மூக்கு

என் சின்னக்கா முகங்கள் செய்கிறவள். வரைகிறவள் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். தையற்காரருக்கு வெட்டுத்துணி, சைக்கிள் கடைக்காரருக்குப் பழைய கம்பி என்று, யாருடைய முகமோ அவர் கை பழகிய பொருளில்தான் செய்வாள். அதுவும் பாதிதான். மீதியை முகத்துக்குச் சொந்தக்காரரே செய்ய வேண்டும். "உங்க மூஞ்சி, நீங்களும் கொஞ்சம் கஷ்டப்படுங்க" என்பாள். தெருவில் அவளுக்கு அரைமூஞ்சி என்றே பெயர்.

தையற்காரர் தன் மீசையைத் தானே தைத்தார். நிஜ மீசையைப் போல மூன்று மடங்கு. மறுநாள் அவர் மனைவி வந்து தையலைப் பிரித்துச் சின்னதாக்கிவிட்டுப் போனார். அவர் திரும்ப வந்து தைத்தார். ஒரு வாரம் இந்தக் கூத்து. சின்னக்கா தடுக்கவே இல்லை, இருவருக்கும் டீ கொடுத்து உபசரித்தாள். டீ போட்டது நான். கடைசியில் மீசை ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் நின்றது. அந்தக் குடும்பத்தை இதைவிடச் சரியாக யாரும் படம் பிடித்ததில்லை.

இந்தப் பைத்தியக்கார விதிக்குக் காரணம் பெரியக்கா. இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருக்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன், அவளுக்குத் தெரியாமல் சின்னக்கா அவளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, கடை திறந்த அன்று எல்லோர் முன்னாலும் துணியை விலக்கினாள். மூக்கு உள்ளது உள்ளபடி இருந்தது. எங்கள் வீட்டு மூக்கு, மறைக்கிற அளவில் இல்லை. கூட்டம் சிரித்துவிட்டது. பெரியக்கா படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் நான் தபால்காரன் ஆனேன். அதன்பிறகு சின்னக்கா யார் முகத்தையும் தனியாகச் செய்யவில்லை. ஊரையே சிரிக்க வைப்பாள், ஆனால் அக்கா பேசாத ஏக்கம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த வருஷம் தெரு முகங்களை மாட்ட நூலகத்தில் ஒரு சுவர் கொடுத்தார்கள். நட்டநடுவில் ஓர் ஆணியைச் சின்னக்கா காலியாக விட்டாள். பெரியக்காவின் முகத்தை ரொட்டி மாவில், மூக்கில்லாமல் பிசைந்து, சுட்டுப் பார்த்தாள். கன்னம் உப்பி, கண் காணாமல் போய், தலையணை மாதிரி வெளியே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் பேக்கரிக்குப் போனேன்.

"என்னடா இது?"

"நீதான்."

தொலைந்தேன் என்று நினைத்தேன். பெரியக்கா அதைத் திருப்பி அடியில் தட்டினாள். ஒரு கன்னத்தைப் பிய்த்து முகர்ந்தாள். "யாருடா ஈஸ்ட்டை இப்படி அள்ளிக் கொட்டினது? உப்பாவது போட்டாளா?"

"நீயே வந்து கேளு."

கடையைப் போட்டது போட்டபடி, மாவுக் கையோடு கிளம்பிவிட்டாள். அவளுக்கு வந்த கோபமெல்லாம் மாவுக்காக.

வீட்டில் தங்கையின் முகத்தைப் பார்க்காமலே புது மாவு பிசைந்தாள். "முகம் நிக்கணும்னா ஈஸ்ட் கூடாது." ஆறு வருஷத்தில் முதல் வாக்கியம். சின்னக்கா முகத்தைச் செய்து, மூக்கு இடத்தை விட்டு, பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பெரியக்கா கொஞ்சம் மாவு கிள்ளினாள். தன் மூக்கைத் தடவிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிள்ளினாள். ஒட்டி முடித்தபோது, அந்தப் பழைய படத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"இவ்ளோ பெருசாவாக்கா?"

"இதான் என் மூக்கு. அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே இப்படித்தான் வரையச் சொல்லியிருப்பேன்."

"கேக்கல. தப்புதான்க்கா."

பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நின்னு வேடிக்கை பாக்காதடா. டீ போடு, அவளுக்கும் சேர்த்து."