அரை சென்டிமீட்டர்

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் இருந்த ஜிம் கொட்டகையில் நான் இருந்தேன், என் நண்பன் இருந்தான், ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. மாஸ்டர் இல்லை. அவருக்குக் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் மாறினால் கொட்டகைச் சாவி எங்களிடம் வந்துவிடும்.

அவர் இல்லாதபோது மார்புக்கு மட்டுமே பயிற்சி செய்தோம். நாங்கள் குறிவைத்திருந்த போலீஸ் தேர்வில் மார்பைத்தான் அளப்பார்கள், முதுகை அளப்பதில்லை. தவிர, கண்ணாடியில் முதுகு தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். தரையில் புத்தகத்தை வைத்துக் குனிந்து படித்ததில் தோள்கள் ஏற்கெனவே முன்னால் வந்திருந்தன. மார்புத் தசை இறுக இறுக இன்னும் வந்தன.

"இன்னா மச்சான், கீழ எதையோ தேடிக்கினே நடக்குற?" என்றான் நண்பன்.

அப்பா கடலுக்குப் போகிறவர். "எங்க வூட்ல எவனும் படிக்கல. எவனுக்கும் கூனும் இல்ல" என்றார்.

"உடம்பு ஏறிகினு வருது நைனா."

"ஏறட்டும். நீ குட்டையாகினு வர்றியே."

செங்கல்பட்டு மைதானத்தில் நடந்த தேர்வில் முதலில் உயரம் அளந்தார்கள்.

"நிமிந்து நில்லுப்பா" என்றார் அளந்தவர்.

"நிமிந்துதான் சார் நிக்கிறேன்."

அவர் பக்கவாட்டில் வந்து பார்த்தார். "இதுவா?"

அரை சென்டிமீட்டர் குறைந்தது. உயரத்தில் தேறாதவர்களுக்கு மார்பு அளப்பதில்லை. ஒரு வருடம் வளர்த்த மார்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாஸ்டர் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். "முதுவ இன்னா வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் படுத்துக்கொண்டு எடை தள்ளுவதை நிறுத்தச் சொன்னார். இடுப்பில் மடங்கிக் குனிந்து, முதுகு வளையாமல் கம்பியை வயிற்றுக்கு இழுக்க வேண்டும். பிறகு பாரில் தொங்கி உடம்பை மேலே இழுக்க வேண்டும். இரண்டும் கண்ணாடிக்கு முதுகு காட்டிச் செய்வது. நான் முன்னேறுகிறேனா இல்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

அம்மாதான் முதலில் கவனித்தாள். "இன்னாடா, சட்ட சுருங்கிப் போச்சா? இடுப்பு தெரியுது."

சட்டை சுருங்கவில்லை. அது வரை தொங்கிக்கொண்டிருந்த தோள்கள் பின்னால் போய், நான் நிமிர்ந்திருந்தேன். அம்மா புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த தேர்வில் உயரம் தேறியது. மார்பையும் அளந்தார்கள், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருட ஜிம் சந்தா, முட்டை, கொண்டைக்கடலை, பஸ், அந்தச் சட்டை எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு அரை சென்டிமீட்டர் பதினாலாயிரத்து நூற்று இருபது ரூபாய்.