மூன்றாவது பிரதி

இது நடந்தது. நியாஸ் பொய்யே சொல்லாத உத்தமன் இல்லை. ஒரு பெரிய பொய்க்குத் துணை போனவன்தான். அதனாலேயே இதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறான்.

2008. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனி. பழவேற்காட்டு நியாஸ் அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். லினக்ஸ் மெஷின்கள் எல்லாம், ஃபைல்களைப் பொதுவாக வைத்திருக்கும் ஒரே என்.எஃப்.எஸ். சர்வரை நம்பி இருந்தன. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பல சர்வர்களில் பிரதி வைக்கும் முறைக்கு மாறலாம் என்று எழுதிக் கொடுத்தான். மூன்று சர்வர் கேட்டான்.

“ரெண்டு பத்தாதா?” என்றார் மேனேஜர் பரசுராமன்.

“ரெண்டும் வேற வேற சொன்னா எது நெசம்னு தெரியாது சார். மூணு இருந்தா, ஒத்துப்போற ரெண்ட நம்பலாம்.”

“ரெண்டு போதும்ப்பா. பேஜாரு பண்ணாத.”

இரண்டுதான் வந்தன.

ஜூலை 18, வெள்ளிக்கிழமை. மதியம் 2.16. உலை வெடித்தது. உலையை ஓட்டிய சடையப்பன் அங்கேயே இறந்துபோனார்.

உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் முதல் சர்வருக்கும் ஒரே லைன். 2.12-க்கே அதில் கரண்ட் போயிருந்தது. அதனால், உலை கேபினும் மேனேஜர் அறையும் டைப் செய்யும் ஷிஃப்ட் குறிப்பு ஃபைல் முதல் சர்வரில் 2.12-உடன் நின்றிருந்தது. இரண்டாவது சர்வரில் மட்டும் கூடுதலாக இரண்டு வரிகள்.

2.13 உலை கேபின்: தண்ணீர் வரவில்லை. நிறுத்தட்டுமா?

2.14 மேனேஜர் அறை: நிறுத்தாதே.

பரசுராமன் அறைக் கதவைச் சாத்தினார். நியாஸின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“மொத சர்வர்ல இருக்கறதே இருக்கட்டும்.”

நியாஸ் அந்த இரண்டு வரிகளை அழித்தான்.

சனிக்கிழமை காலை, கேட்டில் சடையப்பன் மனைவி கன்னியம்மா நின்றிருந்தாள்.

“தூங்கிகினு இருந்தாருன்னு சொல்றாங்களே சார். அவரு அப்டி ஆளு இல்ல சார்.”

நியாஸ் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

அன்று மதியம் 2.14. அழித்த வரிகள் திரும்பி வந்திருந்தன. இரண்டு சர்வர்களிலும்!

சிஸ்டம் பதிவைத் திறந்தான். ‘மூன்றாவது சர்வரிலிருந்து சரிசெய்யப்பட்டது.’

வாங்காத சர்வர்...

வைரஸாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுபடி அழித்தான்.

திங்கள். 2.13-க்கே சர்வர் அறையில் போய் நின்றான். ஏசி ஓடியது. ஆனாலும் அறை புழுங்கியது.

2.14.

டிக்... டிக்... டிக்...

நெட்வொர்க் பெட்டியில் மூன்றாவது துளையின் பச்சை விளக்கு சிமிட்டியது. அந்தத் துளையில் வயரே இல்லை.

விரலை வைத்தான். சுட்டது.

ஃபைலைத் திறந்தான். இப்போது அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது.

2.31 உலை கேபின்: இன்னும் ஆறல சார்...

2.16-க்கே செத்தவர்.

நியாஸ் அழுதான். அழுதுகொண்டே மூன்று வரிகளையும் அழித்தான்.

அன்று மாலை கடிதம் கைக்கு வந்தது.

பிறகுதான் அது தெரிந்தது. சிஸ்டம் பதிவில் அந்த மூன்றாவது மெஷினின் நெட்வொர்க் கார்டு நம்பர் இருந்தது. அதை ஸ்டாக் ரிஜிஸ்டரில் தேடினான். உலை கேபின் கம்ப்யூட்டர்! பின்பக்கம் கழிவு இரும்புக் குவியலில் போய்ப் பார்த்தான். பெட்டி உருகி, உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக்குழம்பு பாய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

மறுவாரம் கம்பெனியின் விசாரணை அறிக்கை வந்தது. சடையப்பனின் கவனக்குறைவு, அவர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. ஆதாரம்: கம்ப்யூட்டர் குறிப்பு, இரண்டு சர்வர்களும் ஒத்துப்போகின்றன.

சரிபார்த்தவர்: நியாஸ்.