மூன்று பேர் எழுதிய பெயர்

ரோவீனா ப்ளாஹாவின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பார்சல் கொண்டுவருகிறவன்கூட வாசலில் போட்டுவிட்டு வண்டியேறிப் போய்விடுவான். ஆகவே நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கதவு தட்டப்பட்டபோது, சத்தம் டிவியிலிருந்துதான் வருகிறதென்று நினைத்து அதை அணைத்தாள். மறுபடியும் தட்டினார்கள்.

வெளியே ஹார்லன் ஸ்டுட்ஸ்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டவுன்ஷிப் போர்டின் தலைவர். பத்து வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார். காரில் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்துவார். அவளும் உயர்த்துவாள். அவ்வளவுதான் பழக்கம்.

"வாழ்த்துக்கள் மிஸஸ் ப்ளாஹா. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"எதுல? நான் லாட்டரிச் சீட்டே வாங்கறதில்லையே."

"எலெக்‌ஷன்ல. போர்டுல ஒரு இடம் காலியா இருந்துச்சில்ல, யாருமே நிக்கல. அப்படின்னா ஜனங்க அவங்களா ஒரு பேரை எழுதிப் போடலாம். உங்க பேரை மூணு பேர் எழுதியிருக்காங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணொண்ணுதான். ஒரு ஓட்டு யாரோட நாய்க்கோ விழுந்திருக்கு."

"யார் எழுதினாங்க?"

"அது ரகசியம்மா. சட்டம்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "ஜனவரி முதல் திங்கள்கிழமை பதவிப் பிரமாணம். மாட்டேன்னு சொல்லிடாதீங்க. மூணாவது ஆள் இல்லாம ரொம்ப நாளா இழுத்தடிக்கிறோம்."

லார்ச் ரன் டவுன்ஷிப் என்பது ஒரே ஒரு தெரு. அது புறப்பட்ட இடத்துக்கே வளைந்து திரும்பி வந்து முடிந்துவிடும். முப்பத்துச் சொச்சம் வீடுகள். மூன்று பக்கமும் பெரிய ஊர் வளைத்துக்கொண்டிருக்க, நான்காவது பக்கம் ரயில் பாதை. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சர்ச் இல்லை. தபால் முகவரியில்கூடப் பக்கத்து ஊரின் பெயர்தான். எப்போதோ சுற்றியுள்ள இடமெல்லாம் அந்த ஊரோடு சேர்ந்தபோது இந்தத் தெருக்காரர்கள் மட்டும் மாட்டோம் என்றார்களாம். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. பனியைத் தள்ளுவதும் தெருவிளக்கு எரிய வைப்பதும்தான் இங்கே அரசாங்கம்.

கணவன் எம்மெட் இருந்தவரை ரோவீனாவுக்குத் தெரு தெரிந்திருந்தது. தெருவைத் தெரிந்து வைத்திருந்தவன் அவன். நாயோடு நடக்கிறவரை நிறுத்திப் பேசுவான், யார் வீட்டுப் புல்வெட்டி மக்கர் செய்தாலும் கையில் ஸ்பானரோடு போய் நிற்பான். அவன் மாரடைப்பில் போனபின் இரண்டு வாரம் யார் யாரோ சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. பிறகு பழைய குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போயின. புதிதாக வந்தவர்கள் காரிலிருந்தபடியே பொத்தானை அமுக்குவார்கள். கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு இறங்கிவிடும். மனிதரின் கால் மண்ணில் படுவதைப் பார்க்க முடியாது.

அவளுக்கு வேலை பக்கத்து ஊர் சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில். கேக்குகளின் மேல் பெயர் எழுதுவாள். நாளெல்லாம் யார் யாருடைய பிறந்தநாளோ அவள் கையால்தான் நடந்தது.

ஹார்லன் போனபின் அவள் வெகுநேரம் ஜன்னலருகே நின்றாள். மூன்று பேர். ஓட்டுச்சாவடி வரைக்கும் போய், பேனாவை எடுத்து, அவள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். ப்ளாஹா என்ற பெயரை வங்கியில்கூட ஒழுங்காக எழுதுவதில்லை. வயது அறுபத்தொன்று ஆகிறவள் சின்னப்பெண் மாதிரி முகம் சிவக்க நின்றாள். எந்த வீடாக இருக்கும்? நீலக் கதவு வீடா? ஹாலோவீன் பண்டிகைக்கு வைத்த பூசணிக்காயை இன்னும் படியிலிருந்து எடுக்காத வீடா?

மறுநாள் பேக்கரியிலிருந்து இலவங்கப்பட்டை கேக்குகள் வாங்கி வந்தாள். புதுப் போர்டு உறுப்பினர் என்று அறிமுகம் செய்துகொள்ளும் சாக்கில் போனால், எழுதியவர் தாமாகச் சொல்லிவிட மாட்டாரா?

நீலக் கதவு வீட்டில் மணியை அழுத்தியதும் மணிக்குள்ளிருந்தே ஒரு பெண் குரல் வந்தது.

"யாரு?"

"நான் ரோவீனா. எதிர் வரிசையில இருக்கேன். கேக் கொண்டு வந்தேன்."

"ஐயோ, தங்கம்! படியில வெச்சிட்டுப் போங்க, நான் வெளியூர்ல இருக்கேன், போன்லேர்ந்து பேசறேன்."

படியில் வைத்தாள். அடுத்த வீட்டில் லெஸ்டர் வுகோவிச் என்ற கிழவர் கதவைச் சங்கிலியோடு திறந்தார்.

"ஓட்டா? நான் ஓட்டுப் போடறதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு. எல்லாத் திருட்டுப் பயலும் ஒண்ணுதான். அந்தக் கேக்குல கொட்டை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வேணாம். பல்லுல மாட்டிக்கும்."

பூசணிக்காய் வீட்டில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாய் கேக்கை வாங்கிக்கொண்டு, "எந்தச் சர்ச்சிலிருந்து வர்றீங்க?" என்று கேட்டாள். ரோவீனா மீதி இரண்டு கேக்கையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து, அந்த வாரம் முழுவதும் அவற்றையே தின்றாள்.

டவுன்ஷிப் அலுவலகம் என்று சொல்லப்படுவது ஒரு பெரிய கராஜ். ஒரு பாதியில் பனி தள்ளும் லாரியும், பனிக்கட்டி கரையத் தெருவில் தூவும் உப்புக் குவியலும்; மறு பாதியில் ஒரு நீள மேஜையும் மடக்கு நாற்காலிகளும். ஜனவரித் திங்களன்று அவள் எம்மெட்டின் சாவுக்குப் பிறகு உடுத்தாத பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்தாள். பார்வையாளர் நாற்காலிகளில் ஒருவரும் இல்லை.

மூன்றாவது உறுப்பினர் கஸ் ட்ராம்பெட்டா. லாரி ஓட்டுகிறவரும் அவரே. பருத்த, வாய் ஓயாத மனிதர். அவள் கொண்டு வந்திருந்த கேக்கை வாயில் திணித்துக்கொண்டே, "நான் ஹார்லன்கிட்ட அப்பவே சொன்னேன், நம்ம தேர்வு தப்பாப் போகாதுன்னு" என்றார்.

"என்ன தேர்வு?"

"உங்களைத்தான். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். இந்தத் தெருவில சத்தமே போடாத ஆள் யாருன்னு. போன போர்டுல இருந்தவன் எதுக்கெடுத்தாலும் சண்டை. ஹார்லன்தான் சொன்னாரு, அந்த ப்ளாஹா விதவை இருக்காளே, எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டா…"

"கஸ்" என்றார் ஹார்லன்.

கஸ் வாயிலிருந்ததை விழுங்கினார். ரோவீனா தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றில் இரண்டு போயிற்று.

"மூணாவது ஓட்டு?" என்று கேட்டாள்.

"அது எங்களுக்கும் தெரியலம்மா" என்றார் கஸ், வருத்தத்தோடு. "நிஜமா."

அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தெருவிளக்குகளை அணைத்துவிடலாம் என்றார் ஹார்லன். எல்லார் வீட்டிலும்தான் வாசல்விளக்கு இருக்கிறதே, யார் நடக்கிறார்கள் இந்தத் தெருவில், மின்கட்டணம் தண்டம். கஸ் சரி என்றார். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

வேலை விட்டு வந்து சாப்பிட்டபின் சமையலறை ஜன்னலருகே உட்காருவது அவள் வழக்கம். அப்போது விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் எதிர்வீட்டுக் கூரை தெரியும், யாரோ விட்டுப்போன சைக்கிள் தெரியும். அது இல்லையென்றால் ஜன்னலில் அவள் முகம்தான் தெரியும்.

"மாட்டேன்" என்றாள்.

ஹார்லனுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"நான் வேணாம்னு ஓட்டுப் போடறேன்."

இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. மாதக் கடைசியில் விளக்குகள் அணைந்தன.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவள் போனபோது கராஜின் வெளியே கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. தப்பான நாளில் வந்துவிட்டோமோ என்று தயங்கினாள். உள்ளே நாற்காலி போதாமல் ஜனங்கள் உப்புக் குவியலில் சாய்ந்து நின்றார்கள். லெஸ்டர் வுகோவிச்கூடக் கைத்தடியோடு வந்திருந்தார். இத்தனை பேரா இந்தத் தெருவில் இருக்கிறார்கள்!

"எம்பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டுல நடந்து வர்றா!"

"நான் பனிக்கட்டில வழுக்கி விழுந்தேன், இடுப்பு இன்னும் வீங்கியிருக்கு!"

"யாரைக் கேட்டு அணைச்சீங்க? அந்தப் பச்சைக் கோட்டு யாரு? அவளும் இதுக்கு உடந்தையா?"

"இங்கதான் குடியிருக்காளா? நான் பார்த்ததே இல்லையே."

ரோவீனா எழுந்து நின்றாள். "இருபத்திரண்டு வருஷமா இங்கதான் இருக்கேன். நான் அணைக்க வேணாம்னுதான் ஓட்டுப் போட்டேன். இப்பவும் அதான் சொல்றேன். விளக்கை எரிய விடணும். மறுபடியும் ஓட்டுக்கு விடுங்க ஹார்லன்."

ஹார்லனின் கழுத்து சிவந்தது. கஸ் கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்கும் எரியட்டும்" என்றார். சிலர் கை தட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் கலைந்தது. வந்த வேலை முடிந்துவிட்டது.

அவள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, வேலைச் சீருடை போட்ட ஓர் இளைஞன் அருகில் வந்தான்.

"மேடம், நான் ட்ரெவிஸ். மூலை வீடு. உங்க பேரை நான்தான் எழுதினேன், நவம்பர்ல."

அவள் கையிலிருந்த நாற்காலி அப்படியே நின்றது. "ஏம்ப்பா?"

"போன வருஷம் ஒரு நாள் என் கார் லைட்டை அணைக்காம விட்டுட்டேன். நீங்க வந்து கதவைத் தட்டிச் சொன்னீங்க. இந்தத் தெருவில என் கதவைத் தட்டின ஒரே ஆள் நீங்க. யாருன்னு தபால்காரம்மாகிட்ட விசாரிச்சேன்."

அவளுக்கு அது நினைவில்லை. எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவில்லை. "ஒரு காபி சாப்பிட்டுட்டுப் போறியாப்பா? வீடு பக்கத்துலதான்."

"அடடா, ராத்திரி ஷிஃப்ட் மேடம். இன்னொரு நாள் பார்ப்போம்." கையை ஆட்டிவிட்டுப் போனான். இன்னொரு நாள் அவன் வரவில்லை. கோடையில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேலைக்காக ஒஹையோ பக்கம் போய்விட்டான் என்று கஸ் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு மூவர் மட்டும்தான். ஹார்லன் அவளிடம் முகம் கொடுத்துப் பேச வெகுநாளாயிற்று. ஆனால் பிப்ரவரிக் கூட்டத்தில் எழுந்து நின்ற பெண்மணியின் தொலைபேசி எண் எப்படியோ தெருவில் பரவிவிட்டது. மரக்கிளை ஒடிந்து கிடக்கிறது, ரக்கூன் குப்பையைக் கிளறிவிட்டது, லாரிக்காரர் பனியை என் வாசலிலேயே குவித்துவிட்டார் என்று கூப்பிடுகிறார்கள். யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. அவளும் எதிர்பார்ப்பதில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடாமல், இரண்டு மணி அடிக்க விட்டு எடுக்கிறாள். சொல்லி முடித்தவர் சட்டென்று வைத்துவிடுவாரே என்று, "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்கிறாள். சில பேர் யோசித்து, உண்டு என்கிறார்கள்.