வெள்ளையடித்த மண்டபம்

ஓய்வு பெற்றவனை அரசாங்கம் திரும்பக் கூப்பிடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: அவனுக்கு விதிமுறை தெரியும்; அவன் எதிர்த்துப் பேசமாட்டான். நான் இரண்டிலும் தேறியவன்.

மெர்கோங்கில் உள்ள என் வீட்டிலிருந்தே செய்யும் ஒப்பந்த வேலை. மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் நாடு எப்படித் தயாராகும் என்று ஒரு தேசியத் திட்டம் வரைவாக இருந்தது. எதைச் செய்து முடித்தோம் என்று வெளிப்படைத்தன்மை அறிக்கை ஒன்றும் ஐ.நா.வுக்குப் போகவேண்டும். திட்டத்தில் இருப்பதை எடுத்து, நடந்ததா என்று பார்த்து, அறிக்கைக்கு எழுதுவது என் பங்கு. கெடா மாநிலத்தின் வெள்ள நிவாரண மையங்கள் என்னிடம் வந்தன.

அவற்றில் ஒன்று பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபம். கோயில் தலைவர் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை தோட்டத்தில் பெண் எடுத்ததை என் வீட்டார் மறக்க வெகுகாலம் ஆயிற்று. தோட்டத்தார் என்னை இன்றும் புது மாப்பிள்ளையாகவே நடத்துகிறார்கள்.

முந்தின மழையில் அந்த மண்டபத்துக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். தஞ்சம் புகுந்தவர்கள் மேசைமேல் ஏறி நின்றார்கள். மேட்டில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் நிவாரண மையம் மண்டபம்தான் என்று பதிவானதால் பள்ளியைத் திறக்கமாட்டார்கள். மண்டபம் உதவாது என்று நான் படத்தோடு எழுதினால் மாற்றலாம்.

"ஆபிஸ் வேலையா வர்றேன், மண்டபத்தப் படம் எடுக்கணும்" என்று மட்டும் மச்சானிடம் போனில் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. முடிவாகாததை வெளியில் பேசக்கூடாது என்பது விதி.

போய்ப் பார்த்தால் மண்டபம் பளபளக்கிறது. கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை போட்டு, தோட்டமே கூடிச் சேற்றைக் கழுவி, சுவரின் தண்ணீர்க் கறை மறைய வெள்ளையடித்திருந்தது.

"என்ன மச்சான் இது?"

"பின்ன? நீங்க கவர்மென்ட் ஆளா வர்றீங்க. சேத்தையா காட்டறது? அக்கா மானம் போயிடும்லா."

"எனக்கு அந்தக் கறைதான் வேணும்."

பின்னாலிருந்து ஓர் அம்மாள் சிரித்தார். "முன்னாடியே சொல்லக்கூடாதா, மாப்பிள்ள? வேணும்னா மறுபடி சேறு பூசிடறோம். அதுக்கும் ஒரு கோத்தோங் ரோயோங் போட்டாப் போச்சு!"

படங்களை அலுவலகத்துக்கு அனுப்பி, உண்மையை அடியில் எழுதினேன். அங்கிருந்த இளம் அதிகாரி மலாயில் மரியாதையாகக் கேட்டாள்: "படத்தில் நன்றாகத்தானே இருக்கிறது? ஆதாரமில்லாமல் எழுதக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே நீங்கள்தானே?"

நான்தான். குடியிருப்பவர்களின் வாக்குமூலமும் ஆதாரமாகும் என்ற விதியும் எனக்குத் தெரியும். அதைத் திரட்டக் கெடு நீட்டிப்புக் கேட்கவேண்டும். தாமதம் என் பெயரில் விழும். 'செயல்பாட்டில் உள்ளது; மேம்படுத்த வாய்ப்புண்டு' என்று திருத்தி அனுப்பினேன். அந்த அரைப்புள்ளியைக் கற்க ஒரு முழு உத்தியோக வாழ்க்கை ஆனது.

அடுத்த மழையில், ஒரு காலை, மண்டபத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று மச்சான் கூப்பிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் பள்ளியின் பூட்டிய கேட்டுக்கு வெளியே மூட்டைகளோடு நனைந்துகொண்டிருந்தார்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மண்டபம் செயல்பாட்டில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறதே என்றார்கள். என் வாக்கியம்தான்.

மச்சான் கூட்டத்தைப் பார்த்து, "பயப்படாதீங்கலா, நம்ம மாப்பிள்ள ஐ.நா.வுக்கே நம்மளப் பத்தி எழுதியிருக்காரு" என்றான். யாராவது ஒருவர் என்னை ஏசியிருந்தால் தேவலை.

பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டான். "மச்சான், பூட்ட ஒடைச்சா தப்பா?"

"அரசாங்கச் சொத்து," என்றேன். அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது.

அவன் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்தான்.

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. உங்க பென்ஷனுக்கு எதும் ஆயிடப்போவுது."

கிண்டலில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். நான் திரும்பிக்கொண்டேன்.